புத்தக எடிட்டர் என்னதான் செய்கிறார்? பிழை திருத்துவது மட்டும்தானா?

நாவலை எழுதி முடித்தாயிற்று. நாலு நண்பர்கள் படித்துவிட்டு 'சூப்பர்' என்று சொல்லிவிட்டார்கள். இனி ஒற்றுப்பிழை பார்க்க ஒருத்தர் கிடைத்தால் அச்சுக்குக் கொடுத்துவிடலாம். முதல் புத்தகம் எழுதும் பலர் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் பிழை பார்ப்பது எடிட்டிங்கின் கடைசிப் படி.

குழப்பம் சொல்லிலேயே தொடங்குகிறது. தமிழில் புத்தகம் எழுதியவரும் 'ஆசிரியர்', பத்திரிகையை நடத்துபவரும் 'ஆசிரியர்'. 'பதிப்பாளர்' என்றால் பணம் போட்டு வெளியிடுபவர். 'பதிப்பாசிரியர்' என்றதும் நினைவுக்கு வருபவர் உ.வே.சாமிநாதையர். ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டுப் பார்த்து 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியவர். அது எழுதியவர் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆன நூலில் செய்யும் வேலை. உயிரோடு இருக்கும் எழுத்தாளரை எதிரே உட்கார வைத்து, "இந்த அத்தியாயம் எதுக்கு?" என்று கேட்பவருக்கு நம்மிடம் நிலைத்த பெயர் இல்லை. அதனால் இங்கே எடிட்டர் என்றே வைத்துக்கொள்வோம்.

எத்தனை எடிட்டர்கள்?

பெரிய பதிப்பகங்களில் முதலில் வருபவர் கமிஷனிங் எடிட்டர். எந்தக் கையெழுத்துப் பிரதியை வாங்குவது என்று முடிவெடுப்பவர், விற்பனைப் பிரிவிடம் அதற்காக வாதாடுபவர் இவர்தான். அருந்ததி ராயின் 'த காட் ஆஃப் ஸ்மால் திங்ஸ்' பிரதியை ஆரம்பத்திலேயே படித்து அதன் மதிப்பை உணர்ந்தவர், அப்போது ஹார்ப்பர்காலின்ஸ் இந்தியாவில் எடிட்டராக இருந்த பங்கஜ் மிஸ்ரா. பிரதியை அவர் லண்டனுக்கு அனுப்பினார். 1997-ல் அந்த நாவலுக்கு புக்கர் பரிசு கிடைத்தது.

அடுத்தது டெவலப்மென்டல் எடிட்டிங். இதில் யாரும் எழுத்துப்பிழையைத் தொடமாட்டார்கள். கதையை யார் சொல்வது, எங்கே தொடங்குவது, எந்தப் பாத்திரம் தேவையில்லை என்பதுதான் பேச்சு. ஹார்ப்பர் லீ 1957-ல் லிப்பின்காட் பதிப்பகத்துக்குக் கொடுத்த பிரதியில் நாயகி வளர்ந்த பெண். அவளுடைய சிறுவயது நினைவுகள்தான் வலுவாக இருக்கின்றன என்று எடிட்டர் டே ஹோஹாஃப் கண்டார். அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் திரும்பத் திரும்ப எழுதி 1960-ல் வந்ததுதான் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்'. ஆரம்பப் பிரதி 'கோ செட் எ வாட்ச்மேன்' என்று 2015-ல் வெளியானது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒரு நல்ல எடிட்டரின் கேள்விக்கு என்ன விலை என்பது புரியும்.

லைன் எடிட்டர் வாக்கியத்தின் ஓட்டத்தைப் பார்ப்பார். காப்பி எடிட்டர் சந்தேகப் பிராணி. மூன்றாம் அத்தியாயத்தில் இடது கையில் இருந்த கட்டு ஐந்தாம் அத்தியாயத்தில் வலது கைக்குப் போய்விட்டதே என்பார். 1990-ல் நடக்கும் கதையில் ஒருவர் செல்போனில் பேசினால், இந்தியாவில் அந்தச் சேவை தொடங்கியதே 1995-ல்தானே என்று ஓரத்தில் குறிப்பு எழுதுவார். கோயிலா கோவிலா, ஃபேஸ்புக்கா பேஸ்புக்கா என்று ஒரு ஸ்டைல் ஷீட் போட்டுக் கடைசிவரை அதையே பிடித்துக்கொள்வார்.

புரூஃப் பார்ப்பது பக்க வடிவமைப்பு முடிந்த பிறகுதான். பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும். அதையெல்லாம் இங்கே பிடிக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் போய், "ஒரு பத்தி சேர்க்கணுமே" என்று கேட்டால் அச்சகத்தில் முகம் சுளிப்பார்கள். புத்தகங்கள் பெரும்பாலும் 16 பக்க ஃபாரமாக அச்சாகின்றன. ஒரு பத்தி நாலு பக்கத்தைத் தள்ளினால் கணக்கே மாறிவிடும்.

கடைசி முடிவு யாருடையது?

சிக்கலே இங்குதான். அமெரிக்க எழுத்தாளர் ரேமண்ட் கார்வரின் 1981 சிறுகதைத் தொகுப்பை எடிட்டர் கார்டன் லிஷ் பாதிக்கு மேல் வெட்டினார். புத்தகத்தை நிறுத்தச் சொல்லி 1980 ஜூலையில் கார்வர் கெஞ்சிக் கடிதம் எழுதியும் அது வெளிவந்தது, அவருக்குப் பெரும் புகழும் தந்தது. வெட்டாத வடிவம் 'பிகினர்ஸ்' என்ற பெயரில் 2009-ல் வந்தபோது கார்வர் இறந்து 21 ஆண்டுகள் ஆகியிருந்தன. எது உண்மையான கார்வர் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. வெட்டு நன்றாகவே இருந்தாலும், ஒப்புதல் இல்லாத வெட்டு எடிட்டிங் ஆகாது என்பது என் கட்சி.

இந்தியாவில் எழுத்தாளர்களுக்கு ஒரு பிடி உண்டு. 1957 காப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவின்படி, உரிமையை விற்றுவிட்ட பிறகும்கூட, தன் பெயருக்கோ மதிப்புக்கோ கேடு வரும்படி படைப்பைச் சிதைத்தால் ஆசிரியர் வழக்குப் போடலாம். ஆனால் கோர்ட் வாசலை மிதிக்கும் முன், 'இறுதிப் பிரதிக்கு ஆசிரியரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும்' என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுவது மலிவு.

தமிழில் நிலைமை?

எழுத்தாளருடன் வரி வரியாக உட்கார்ந்து வேலை பார்க்கும் மரபுக்கு, 1974-ல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கிய எஸ்.ராமகிருஷ்ணன் பெயரைத்தான் பலரும் சொல்வார்கள். 2020-ல் அவர் காலமானார். சிறு பதிப்பகங்கள் பலவற்றில் பிரதியைத் தேர்ந்தெடுப்பவர், பிழை பார்ப்பவர், புத்தகக் காட்சியில் பில் போடுபவர் எல்லாம் ஒரே ஆள்தான். அவரிடம் டெவலப்மென்டல் எடிட்டிங் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கையிலிருந்து காசு போட்டு வெளியிடுபவர்கள்தான் அதிகம் கவனிக்க வேண்டும். 'எடிட்டிங் உட்பட' என்று பேக்கேஜில் போட்டிருந்தால் எந்த எடிட்டிங் என்று கேளுங்கள். சில இடங்களில் அதன் பொருள் புரூஃப் மட்டுமே. பத்துப் பக்கம் மாதிரி எடிட் செய்து, டிராக் சேஞ்சஸ் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் பாத்திரத்தின் திருநெல்வேலிப் பேச்சையெல்லாம் பாடப்புத்தகத் தமிழாக மாற்றி வந்தால் அந்த எடிட்டர் உங்களுக்கு ஒத்துவர மாட்டார். அப்புறம், வரிசையை மாற்றாதீர்கள். நாளை தூக்கி எறியப்போகும் அத்தியாயத்துக்கு இன்றே காசு கொடுத்து ஒற்றுப்பிழை பார்ப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.