தோட்டப் பாடசாலையும் கூலிச் சந்தையும்

இலங்கையின் மத்திய மலைநாட்டிலே, நுவரெலியா முதல் அட்டன் வரை பரந்து கிடக்கும் தேயிலைத் தோட்டங்களின் கல்வி வரலாற்றை ஆராயப் புகுவோர் பாடசாலை வாயிலிலிருந்து தொடங்குதல் பயன் தராது. ஆளுக்கு விலை பேசப்பட்ட இடத்திலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

கோப்பிக் காலத்திலே திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து மக்களை அழைத்து வந்தவன் கங்காணி. வழிச் செலவுக்கென அவன் கொடுத்த முன்பணம், தோட்டத்தை அடையுமுன்பே கடனாகிவிடும். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்டார். 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்தது. பயிர் மாறிற்றேயன்றி முறை மாறவில்லை. ஆயினும் ஒன்று புதிதாயிற்று. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். ஆகவே குடும்பத்தோடு லயங்களில் நிலைத்துத் தங்கும் தொழிலாளர் தேவைப்பட்டனர். பிள்ளைகளைப் பற்றிய வினா அப்போதுதான் வலுப்பெற்றது.

ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் செல்வோருக்குத் ‘துண்டு’ என்னும் சீட்டு வேண்டியிருந்தது. இன்ன தொகையைச் செலுத்துவோரிடம் இவ்வாட்களை விடுவிக்கலாம் என்று துரை எழுதிக் கொடுப்பதே துண்டு. ஆள் பற்றாக்குறை மிகும்போது கூலி உயரும் என்பது பொருளியலின் பாலபாடம். மலைநாட்டிலோ உயர்ந்தது கூலியன்று. துண்டில் எழுதப்பட்ட கடன். தன் பெயரில் ஏறிய தொகை எவ்வளவு என்று வாசித்தறிய இயலாதவர்களாகவே தொழிலாளரிற் பெரும்பாலோர் இருந்தனர். துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இதனிடையே 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், 6 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்டத்துரைமார் மீது சுமத்தியது. சட்டத்தின் பயனாய் எழுந்தவை பெரும்பாலும் ஓராசிரியர் பாடசாலைகள். லயத்து அறையொன்றே வகுப்பறை. எழுதப் படிக்கத் தெரிந்த எவரேனும் ஆசிரியர். பத்து வயதானதும் பிள்ளை மலைக்குச் செல்வது வழக்கம்.

ஏன் சென்றது? விடை மற்றொரு சட்டத்திலே கிடக்கிறது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டப்படி, 1929இல் உயர்நிலத் தோட்டங்களுக்கு வகுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். பிள்ளைக்கும் ஒரு விலையை அரசாங்கமே குறித்துவிட்டது! அமெரிக்கப் பொருளியலறிஞர் தியோடர் ஷூல்ட்ஸ் 1960இல் ‘மனித மூலதனம்’ பற்றி ஆற்றிய உரை புகழ்பெற்றது. மாணவன் கற்கும் காலத்தில் இழக்கும் கூலியும் கல்விச் செலவின் பகுதியே என்று அவர் கணக்கிட்டார். அக்கணக்கைப் பொருளியல் படியாத லயத்துத் தாய் அன்றாடம் போட்டுக்கொண்டிருந்தாள். அவளை அறியாமை உடையவள் என்று பழித்தல் முறையன்று.

முதலாளியின் கணக்கு வேறு. இலங்கைப் பொருளியலறிஞர் எஸ். பி. டி. டி சில்வா, வளர்ச்சிக்குறைவின் அரசியற் பொருளாதாரம் பற்றி 1982இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக ஆய்ந்தார். கட்டுண்ட மலிவான உழைப்பு கிடைக்கும் வரை, தொழில்நுட்பத்தையோ தொழிலாளியின் திறனையோ உயர்த்தத் தோட்ட முதலுக்கு உந்துதல் இல்லை என்பது அவர் வாதத்தின் சாரம். கொழுந்து கொய்யும் விரலுக்கு எழுத்து வேண்டியதில்லை என்று கருதிய துரை பாடசாலையைப் பெயருக்கு நடத்தியதில் வியப்பென்ன? கங்காணி, கணக்கப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள் நகரப் பாடசாலைகளை எட்டிப் பிடித்தனர். லயங்களுக்குள்ளேயே இவ்வாறு ஓர் ஏற்றத்தாழ்வு வேரூன்றியது. 1931இல் அட்டனில் தொழிற்சங்கம் கண்ட கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மையார், தொழிலாளர் குறைகளைப் பாட்டாகப் பாடிப் பரப்பினார். வாசிக்க இயலாதவரைப் பாட்டே எட்டியது.

அரசோ மெல்லவே அசைந்தது. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் புறத்தே நின்றன. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. வாக்கில்லாதவன் பிள்ளைக்குப் பள்ளி கேட்க எவர் வருவார்? 1960-61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் இவை விடப்பட்டன. தோட்டங்கள் 1972, 1975 ஆகிய ஆண்டுகளில் அரசுடைமையாகி, 1977 முதற்கொண்டே பாடசாலைகள் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்கூலி என்றாயிற்று.

பின்னர் தோட்டத்து இளைஞரே ஆசிரியராக நியமனம் பெற்றனர்; பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. மலைக்குப் போகாமல் மாதச் சம்பளம் பெறும் வழியொன்று முதன்முதலாகப் பலருக்குத் தெரிந்தது. 2021இல் சம்பள நிர்ணய சபை வழியாக நாட்கூலி 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கொழும்புக் கடையில் கிடைப்பதோடு அதனை ஒப்பிட்டுப் பார்க்கும் இளைஞன் துண்டுக்காகத் துரையிடம் போய் நிற்பதில்லை; அட்டனில் பஸ் ஏறிவிடுகிறான்.