போரை மறுத்தார்கள், படையழைப்பை மறுக்கவில்லை: நவீன ஜப்பானியக் கிறித்தவ அறிவாளிகளின் சமாதானச் சிந்தனை

ஜப்பானில் போர் எதிர்ப்புச் சிந்தனை வளர்ந்த வரலாற்றை ஆராய்பவர் எவரும் உச்சிமுரா கான்ஸோவைத் (1861–1930) தவிர்க்க முடியாது. ஆனால் தொடக்கம் அவர் அல்லர். குவேக்கர் கிறித்தவர்களின் தூண்டுதலால் 1889இல் ஜப்பான் சமாதானச் சங்கம் உருவாயிற்று. அதன் இதழான ‘ஹெய்வா’வுக்கு 1892இல் ஆசிரியராக அமர்ந்தவர் இளங்கவிஞர் கிதமுரா தோகொகு. 1894 மே மாதம், இருபத்தைந்து வயதில், அவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். அடுத்த சில மாதங்களுக்குள் சீனாவுடன் போர் மூண்டது. நாட்டின் கிறித்தவர்களில் பெரும்பாலோர் அதை ஆதரித்தனர்.

உச்சிமுராவும் ஆதரித்தார். சாமுராய் குடும்பத்தில் பிறந்து, ஸப்போரோ வேளாண் கல்லூரியில் கிறித்தவராகி, அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் படித்துத் திரும்பியவர் அவர். பேரரசரின் கல்வி ஆணைக்கு உரிய அளவு குனிந்து வணங்கவில்லை என்பதற்காக 1891 ஜனவரியில் ஆசிரியப் பணியை இழந்தவரும்கூட. அப்படிப்பட்டவர்தான் 1894இல், கொரியாவின் விடுதலைக்காக ஜப்பான் நடத்துவது நீதியான போர் என்று ஆங்கிலத்தில் கட்டுரை எழுதி உலகத்தின் முன் வாதாடினார். ஓராண்டு கழிவதற்குள் மனம் மாறிற்று. நீதிப்போர் என்று தாம் நம்பியது கொள்ளைப் போராக முடிந்ததென்று 1895இல் அமெரிக்க நண்பர் ஒருவருக்கு வெட்கத்தோடு கடிதம் எழுதினார்.

இந்த மனமாற்றத்துக்கான காரணங்களை 1904இல் அவரே எழுதி வைத்தார். புதிய ஏற்பாட்டை ஆழ்ந்து படித்தது, தம்மீது வந்த தாக்குதல்களை எதிர்க்காமல் விட்டபோது கிடைத்த மன அமைதி, கடந்த பத்தாண்டு உலக வரலாறு, அமெரிக்க நாளேடான ‘ஸ்பிரிங்ஃபீல்ட் ரிபப்ளிக்க’னின் நெடுநாள் வாசிப்பு ஆகியவை அவர் சொல்லும் காரணங்கள். வேதவசனமும் செய்தித்தாளும் அந்தப் பட்டியலில் ஒன்றாக நிற்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அவருடைய சமாதானக் கொள்கை போதனையில் மட்டும் பிறந்ததன்று; விளைவுகளைக் கணக்கிட்டுப் பார்த்ததிலும் பிறந்தது. ருஷ்யாவுடன் போர் வேண்டும் என்ற கூச்சல் உச்சத்தில் இருந்த 1903 ஜூனில் ‘யொரோஸு சோஹோ’ நாளேட்டில் போர் ஒழிப்பைக் கோரி எழுதியபோதும் அதே கணக்கைத்தான் முன்வைத்தார். சீனப் போரில் 20 கோடி யென்னும் 10,000 உயிர்களும் செலவாயின. எந்தக் கொரியாவின் சுதந்திரத்துக்காகப் போரிட்டோமோ அந்தச் சுதந்திரம் முன்னிலும் நலிந்தது. மக்களின் வரிச்சுமை ஏறியது. நாட்டின் ஒழுக்கம் தாழ்ந்தது. இந்தப் போர் மட்டுமல்ல, எந்தப் போரும் கூடாது என்பதே அவர் முடிவு. அக்டோபரில் ஏட்டின் உரிமையாளர் குரோய்வா ரூய்கோ போர் ஆதரவுக்குத் தாவியதும், சோஷலிஸ்டுகளான கொதொகு ஷூசுய், சகாய் தொஷிஹிகோ ஆகியோரோடு உச்சிமுராவும் வேலையை உதறினார்.

இதுவரை உள்ள பகுதி பல நூல்களில் பெருமையோடு சொல்லப்படுகிறது. அதே ஆண்டு டிசம்பரில் நடந்ததற்கு அந்த அளவு இடம் கிடைப்பதில்லை. வடக்கே இவாத்தே மாவட்டத்து ஹனமாகியில் சைத்தோ சோஜிரோ என்ற பள்ளி ஆசிரியர் இருந்தார். உச்சிமுராவின் எழுத்தை அப்படியே நம்பிய அவர், போர் பாவமென்றால் படையில் சேரவும் மாட்டேன், போருக்குப் போகும் வரியைக் கட்டவும் மாட்டேன் என்று ஆசானுக்கு எழுதினார். உச்சிமுரா நேரே ஹனமாகிக்குப் போய், அந்த முடிவைக் கைவிடும்படி சொன்னார். சைத்தோவும் பணிந்தார்.

மாணவரின் குடும்பம் படப்போகும் பாட்டை எண்ணி ஆசான் தடுத்தார் என்பார்கள். அந்தக் கரிசனம் உண்மையானதே. ஆனால் அது அன்றைய நிலைமைக்கான அறிவுரை மட்டுமல்ல என்பதை 1904 அக்டோபரில் அவர் எழுதிய கட்டுரை காட்டுகிறது. போரை எதிர்ப்பவன் படையழைப்பு வந்தால் போகத்தான் வேண்டும், அவன் மறுத்தால் அவனுக்குப் பதிலாக வேறொருவன் போவான், போரை வெறுப்பவன் போர்க்களத்தில் சாவது பிறர் பாவத்துக்கான பலி என்று அதில் வாதிட்டார். சிலுவையை வைத்துக் கட்டிய இந்த வாதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. களத்துக்குப் போகிறவன் சாவதற்கு மட்டும் போவதில்லை, கொல்லவும் அனுப்பப்படுகிறான். எதிரே நிற்கும் ருஷ்யச் சிப்பாயின் உயிர் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

அந்த ஓட்டையை அடைக்க முயன்றவர் பேராசிரியரோ பத்திரிகையாளரோ அல்லர். அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்த யாபே கியோஷி என்ற இளைஞர் 1905இல் படையழைப்பை மறுத்துச் சிறை சென்றார். வெளியே வந்தபின், ஆயுதம் ஏந்தாமல் நோயாளிகளைப் பேணும் பணியை மட்டும் ஏற்றுக்கொண்டார்.

உச்சிமுராவின் வேதாகம வகுப்பில் வளர்ந்தவர் யனைஹரா ததாவோ. டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில், தம் முன்னோடியான நிதோபே இனாஸோவின் வழியில் குடியேற்றக் கொள்கையைக் கற்பித்தவர். 1937 ஜூலையில் சீனாவுடன் மீண்டும் போர் தொடங்கியபோது, ஏசாயா தீர்க்கதரிசியை முன்னிறுத்தி ‘சூவோ கோரொன்’ இதழில் எழுதினார்: அரசின் இலட்சியம் நீதி, வலிய நாடு எளிய நாட்டை மிதிப்பது அந்த நீதிக்கு விரோதம். கட்டுரையை நீக்கும்படி அதிகாரிகள் ஆணையிட்டார்கள். அக்டோபர் 1 அன்று ஆற்றிய உரையில், நாட்டின் இலட்சியம் பிழைக்க வேண்டுமானால் இந்த நாட்டை ஒருமுறை புதைத்துவிடுங்கள் என்ற பொருளில் பேசினார். டிசம்பரில் பதவி போயிற்று. பிறகு போர் முழுவதும் ‘கஷின்’ என்ற தம் சிறு மாத இதழை நடத்தியபடி நிமிர்ந்து நின்றார்.

எல்லோராலும் அப்படி நிற்க முடியவில்லை. கோபே சேரிகளில் ஏழைகளோடு வாழ்ந்த ககாவா தொயோஹிகோ, 1938 டிசம்பரில் சென்னையை அடுத்த தாம்பரத்தில் நடந்த உலக மிஷனரி மாநாட்டுக்கு வந்தவர். அடுத்த மாதம் காந்தியையும் சந்தித்தார். 1940இல் போர் எதிர்ப்புக்காகக் கைதான அவரே, பின்னர் அமெரிக்காவுக்கு எதிராக வானொலியில் பேசினார். அதே காலத்தில், 1939இல், உவாட்ச் டவர் என்னும் கிறித்தவ அமைப்பினரான அகாஷி ஜுன்ஸோவின் மகனும் முரமோதோ கஸுவோவும் படைமுகாமுக்குள்ளேயே துப்பாக்கியை ஏந்த மறுத்தார்கள். அவ்வமைப்பினர் கூட்டமாகக் கைதாயினர். அகாஷி 1945 அக்டோபர் வரை சிறையில் கிடந்தார்.

போருக்குப் பின் உச்சிமுராவின் மாணவர்களே டோக்கியோ பல்கலைக்கழகத்தின் தலைவர்களாயினர்: முதலில் நம்பரா ஷிகெரு, 1951இல் யனைஹரா. எல்லா நாடுகளுடனும் சமாதான ஒப்பந்தம் வேண்டும் என்று வாதிட்ட நம்பராவை 1950இல் பிரதமர் யொஷிதா ஷிகெரு வெளிப்படையாகவே இகழ்ந்தார். அரசை எதிர்த்துப் பேசும் துணிவு இந்த மரபுக்கு என்றுமே குறைந்ததில்லை. படையழைப்பு வந்த இளைஞன் என்ன செய்வது என்ற கேள்விக்குத்தான் அது கடைசிவரை நிறைவான பதில் சொல்லவில்லை. இத்துறையில் இனி ஆய்வு செய்வோர் உச்சிமுராவுக்கும் யனைஹராவுக்கும் ஒதுக்கும் பக்கங்களோடு யாபேக்கும் முரமோதோவுக்கும் உரிய பக்கங்களையும் சேர்த்து எழுத வேண்டும்.