தொழிற்கூடத்தில் பிறந்த செவிக்கருவி

சங்கீதம் பயில்கிற மாணவர்களும், வீட்டார் உறங்கிய பின் தனித்திருந்து பாட்டுக் கேட்க விரும்புகிறவர்களும் இன்று ஹெட்போன் வாங்கக் கடைக்குப் போனால், சில நூறு ரூபாயில் தொடங்கி லட்சத்தை எட்டும் விலைகளைக் கண்டு மலைத்துப் போகிறார்கள். மலைப்பின் முடிவில், விலை ஏற ஏற ஓசையின் உண்மையும் ஏறத்தான் செய்யும் என்ற எண்ணத்துக்கு இடம் கொடுத்துவிடுகிறார்கள். இந்த எண்ணம் சரிதானா என்று தெரிந்துகொள்ள, அந்தக் கருவியின் பூர்வ சரித்திரத்தைக் கொஞ்சம் நின்று பார்ப்பதைவிட நல்ல உபாயம் வேறில்லை. செல்வர்களின் கேளிக்கைக்காக அதைச் செய்து பார்த்தவர்கள் உண்டு. ஆனால் அது செம்மைப்பட்டதெல்லாம் வேலை பார்ப்பவர்களின் காதில் இருந்தபோதுதான்.

தொலைபேசி புழக்கத்துக்கு வந்த 1880-களில், அமெரிக்க இணைப்பு நிலையங்களில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு சங்கடம் இருந்தது. கேட்கும் குழலை ஒரு கையால் காதோடு பிடித்துக்கொண்டால், கம்பிகளைச் செருகவும் பிடுங்கவும் மறு கை ஒன்றே மிஞ்சும். குழல் பிடித்த கையை விடுவிப்பதற்காகத் தோளில் தாங்கும் சட்டம் ஒன்றில் குழலைப் பொருத்திக் காதருகே நிறுத்தினார்கள். அது கனத்தது, அசௌகரியமானது. ஆயினும் செவிக்கருவி முதன்முதலில் மனித உடம்போடு சேர்ந்தது அவ்விதமே.

ஏறக்குறைய அதே காலத்தில் சங்கீதமும் அதனோடு சம்பந்தப்பட்டது. 1881-இல் பாரிஸில் நடந்த மின்சாரக் கண்காட்சியில், கிளெமென்ட் அடேர் என்பவர் ஆபெரா அரங்கத்து மேடையின் ஓரமாக ஒலிவாங்கிகளை வரிசையாக வைத்து, அவற்றின் கம்பிகளைக் கண்காட்சி மண்டபம் வரை கொண்டுவந்தார். இரண்டு குழல்களை இரண்டு காதுகளிலும் வைத்துக் கேட்டவர்களுக்குப் பாடகர் மேடையில் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் நடந்து போவதுகூடப் புலனாயிற்று. நாம் இன்று ஸ்டீரியோ என்று சொல்லும் அனுபவத்தின் முதல் ரூபம் அதுவே. 1890-இல் இதை வியாபாரமாக்கித் தியாட்ரோஃபோன் என்று பெயரிட்டு, ஹோட்டல்களில் காசு போட்டு ஐந்து நிமிஷம் கேட்கும்படி யந்திரங்களை நிறுத்தினார்கள். லண்டனில் 1895-இல் எலெக்ட்ரோஃபோன் என்ற பெயரில் இதே ஏற்பாடு தொடங்கிற்று. நாவலாசிரியர் மார்ஸெல் புரூஸ்த் 1911-இல் தியாட்ரோஃபோனுக்குச் சந்தாதாரரானார். வீட்டில் வைத்துக்கொள்ளச் செல்வர்களுக்கே கட்டுப்படியான இந்தச் சேவை கொண்டுவந்து சேர்த்த நாதமோ மெலிந்தும் தேய்ந்தும் இருந்தது. ரேடியோ பரவிய பிறகு அது இருந்த சுவடு தெரியாமல் மறைந்தது.

செவிக்கருவிக்கு நிலையான உருவத்தைக் கொடுத்தவர் அமெரிக்காவின் யூட்டா மாகாணத்தைச் சேர்ந்த நதானியேல் பால்ட்வின். பெரிய பிரார்த்தனை மண்டபத்தில் பிரசங்கம் சரியாகக் காதில் விழாத குறையைத் தீர்க்கும் பொருட்டு ஒலிக்கருவிகளில் ஈடுபட்ட அவர், 1910-இல் தாம் செய்த ஒரு ஜோடிக் கருவியை அமெரிக்கக் கடற்படைக்குச் சோதனைக்காக அனுப்பிவைத்தார். கடற்படையில் கம்பியில்லாத் தந்தி வந்திருந்த சமயம் அது. புயலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே, தொலைதூரத்துக் கப்பலிலிருந்து வரும் மெல்லிய ஒலிக்குறிகளைப் பிரித்துக் கேட்பதில்தான் கப்பலின் க்ஷேமம் அடங்கியிருந்தது. சோதித்துப் பார்த்தவர்கள், தங்களிடம் அதுவரை இருந்தவை எதுவும் இவ்வளவு நுட்பமாகக் கேட்கச் செய்ததில்லை என்று கண்டு, கருவிகள் வேண்டுமென்று எழுதினார்கள். ஒரு தடவைக்குப் பத்துக்கு மேல் செய்ய முடியாது என்று அவர் பதில் எழுதினார். காரணம், அவருடைய தொழிற்கூடம் அவர் வீட்டுச் சமையலறையே. தலைக்கு மேலே வளைந்து இரண்டு காதுகளிலும் அமரும் இன்றைய வடிவம் அங்கிருந்து வந்தது.

1920-களில் ரேடியோ ஒலிபரப்புத் தொடங்கியபோது, கப்பலுக்காகச் செய்த கருவி வீட்டுக்குள் நுழைந்தது. ஸ்படிக ரேடியோ என்ற எளிய பெட்டிக்கு மின்சாரமே தேவையில்லை. அதனாலேயே ஒலிபெருக்கியை இயக்கும் வலிமையும் அதற்கில்லை. காதில் கருவியை மாட்டிக்கொண்டால் ஒழிய நிகழ்ச்சி கேட்காது. நம் மதராஸில் ஸி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் 1924-இல் மதராஸ் பிரஸிடென்ஸி ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியது இந்த யுகத்தில்தான். பணமுடையால் 1927-இல் அது நின்றுபோக, நகரசபை 1930-இல் அதே பணியை ஏற்றுக் கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்து ஊருக்கெல்லாம் பாட்டுக் கேட்கச் செய்தது. ஊர் கூடிக் கேட்பதற்கு வழி பிறந்த பிறகு, தனித்துக் கேட்கும் கருவிக்கு வீடுகளில் மதிப்புக் குறைந்தது இயல்பே.

அன்றைய கருவிகளில் பெரும்பாலானவற்றில் ஒரு பெரிய குறையும் இருந்தது. காந்தத்தின் எதிரே ஒரு மெல்லிய இரும்புத் தகட்டை நிறுத்தி அதை அதிரச் செய்வதே அவற்றின் அமைப்பு. இரும்புத் தகட்டுக்கென்று சொந்தமாக ஒரு ஸ்வரம் உண்டு; பாடுகிறவர் எந்த ஸ்தாயியில் பாடினாலும் தகடு தன் ஸ்வரத்தையே தூக்கிக் காட்டும். பேச்சும் தந்திக்குறியும் இதனால் கெடுவதில்லை. சங்கீதத்துக்கு அது ஆகாது. ஜெர்மனியில் சினிமாக் கொட்டகைகளுக்கு ஒலிபெருக்கி செய்துவந்த ஆய்கன் பேயர் 1937-இல் டி.டி. 48 என்ற கருவியின் மூலம் இதற்குப் பரிகாரம் கண்டார். ஒலிபெருக்கியில் உள்ளதைப் போலவே மெல்லிய கம்பிச் சுருளைக் காந்தத்தின் இடைவெளியில் மிதக்கவிட்டு, சுருளோடு ஒட்டிய சவ்வை அதிரச் செய்தார். இன்று நூறு ரூபாய்க்குத் தெருவோரத்தில் கிடைக்கும் கருவியிலும் இந்தத் தத்துவமே இருக்கிறது. டி.டி. 48-ஐ வாங்கியவர்கள் ரேடியோ நிலையத்தாரும், செவிப்புலனைச் சோதிக்கும் வைத்தியர்களும், சினிமா ஒலிப்பதிவாளர்களும். எழுபது வருஷங்களுக்கு மேல் அது உற்பத்தியில் இருந்ததற்கு அவர்களே காரணம். கேட்பதற்கு இனிமையாக இருக்கிறதா என்று அவர்கள் பார்க்கவில்லை. இருப்பதை இருந்தபடி சொல்கிறதா என்று பார்த்தார்கள். மானிட்டர் ஹெட்போன் என்னும் ஜாதிக்கு லக்ஷணம் இந்த ஒன்றே.

அதில் மூடிய வடிவம் நிலைபெற்ற காரணமும் தொழிலில்தான் இருக்கிறது. 1957-இல் ஆம்பெக்ஸ் கம்பெனி, லெஸ் பால் என்ற கிதார் வித்துவானுக்காக எட்டுத் தடங்களைக் கொண்ட ஒலிப்பதிவு யந்திரத்தைச் செய்துகொடுத்தது. அதன் பிறகு, வாத்தியங்களை ஒரு நாள் பதிந்து, மற்றொரு நாள் அவற்றைக் கேட்டுக்கொண்டே பாடகர் தம் தடத்தைப் பாடும் வழக்கம் மெல்ல மெல்லப் பரவிற்று. பாடகர் கேட்கும் வாத்திய ஓசை கருவியிலிருந்து கசிந்து எதிரே உள்ள மைக்கில் விழுந்தால் பதிவு கெடும். ஆகவே காதை முற்றிலும் மூடும் கிண்ணங்கள் அவசியமாயின. நம்மூர்ப் பாடகர்கள் ஒரு காதை மூடியும் மறு காதைத் திறந்துவிட்டும் பாடுவதைப் படங்களில் பார்க்கிறோம். கருவிக்குள் வரும் தாளமும், தம் சாரீரம் அறையில் ஒலிக்கும் சுபாவமும் ஒருங்கே வேண்டியிருப்பதால் பிறந்த பழக்கம் அது.

வேலைக்காக அன்றி ஆனந்தத்துக்காகவே செய்யப்பட்ட ஸ்டீரியோ ஹெட்போன் 1958-இல் வந்தது. மில்வாக்கி நகரத்து ஜான் காஸ், தாம் செய்த எடுத்துச் செல்லத்தக்க ரிகார்டு பிளேயரைக் கண்காட்சியில் வைத்து, அதற்குத் துணையாக ஒரு ஹெட்போனையும் வைத்தார். வந்தவர்கள் பிளேயரை விட்டுவிட்டு ஹெட்போனையே மொய்த்துக்கொண்டார்கள். பத்து வருஷம் கழித்து, 1968-இல், ஜெர்மனியின் ஸென்ஹைஸர் கம்பெனி எச்.டி. 414 என்ற கருவியை மஞ்சள் நிறப் பஞ்சுத் திண்டுகளோடு வெளியிட்டது. கிண்ணத்தின் பின்புறத்தை மூடாமல் விட்ட முதல் கருவி அது. உள்ளே சுழன்று ஓசையைக் கலக்கும் காற்று வெளியே போய்விட்டதால் நாதம் விசாலமாக ஒலித்தது, காதும் வேர்க்கவில்லை. ஒரு கோடிக்கும் மேல் அது விற்றதாகச் சொல்வதில் ஆச்சரியமில்லை.

அந்தக் காலத்துக் கருவிகள் இன்றைய போனில் செருகினால் முனகுமே ஒழியப் பாடமாட்டா. எச்.டி. 414-இன் மின்தடை 2000 ஓம், வியன்னாவின் ஏ.கே.ஜி. கம்பெனி 1970-களில் கொண்டுவந்த கே. 240, 600 ஓம். ஸ்டுடியோவில் ஒரே ஆம்ப்ளிஃபயரிலிருந்து பல ஹெட்போன்களுக்கு ஓசையைப் பங்கிட வேண்டியிருந்ததால், தடை அதிகமாக இருப்பதே அங்கே அனுகூலம். 1979 ஜூலை 1-ஆம் தேதி ஸோனி கம்பெனி வாக்மேனை வெளியிட்டபோது இந்தக் கணக்குத் தலைகீழாயிற்று. இரண்டு சிறிய பாட்டரியில் ஓடும் பெட்டியால் அதிக வோல்ட்டைத் தர முடியாது. ஆகவே அதனோடு வந்த சுமார் 50 கிராம் எடையுள்ள ஹெட்போனைக் குறைந்த தடையோடு செய்தார்கள். போனிலும் லாப்டாப்பிலும் நேரடியாகச் செருகப் போகிறவர்கள் 32-இலிருந்து 80 ஓம் வரை உள்ளதைத் தேர்ந்தெடுப்பது நலம் என்று இன்று சொல்வதற்கு மூலகாரணம் இங்கே இருக்கிறது. முன்பு சொன்ன பேயரின் கம்பெனியான பேயர்டைனமிக்கின் டி.டி. 770 போன்ற ஒரே மாடல் 32, 80, 250 ஓம் என்று பல வகைகளில் வருகிறது. பெயரை மட்டும் பார்த்து 250 ஓம் வகையை வாங்கிவிட்டு, ஓசை போதவில்லையே என்று வருந்துகிறவர்கள் உண்டு.

சாமானியருக்கு எட்டும் விலையில் தொழில்முறைக் கருவி கிடைக்கத் தொடங்கியது 1980-களுக்குப் பிறகு. ஸோனி 1985-இல் எம்.டி.ஆர். வி6 என்பதையும், அதையே தொழிலுக்கென்று திருத்தி 1991-இல் எம்.டி.ஆர். 7506 என்பதையும் கொண்டுவந்தது. 7506-ஐக் கையில் எடுத்துப் பார்த்தால், யாருக்காகச் செய்தது என்பது உடனே விளங்கும். கிண்ணத்தில் நீலப் பட்டை; இடது காதிலிருந்து மட்டும் இறங்கும் சுருள் கம்பி, தரையில் கிடந்து காலில் சிக்காமல் இருக்கும் பொருட்டு; இடது, வலது என்பதை மங்கிய வெளிச்சத்திலும் காட்டும் நிறக்குறிகள்; மடித்துப் பையில் போடக் கீல்கள்; உள்ளே 40 மில்லிமீட்டர் சவ்வு. அழகுக்காக ஒரு வளைவுகூட இல்லை. முப்பது வருஷங்களுக்கு மேலாகியும் அதே உருவத்தில் உற்பத்தியாகி, அமெரிக்காவில் நெடுங்காலமாகச் சுமார் நூறு டாலர் விலையை ஒட்டியே விற்றுவருகிறது. வருஷந்தோறும் புதுமை காட்ட வேண்டிய நிர்ப்பந்தம் தொழிற்கருவிக்கு இல்லை. மாற்றினால் வேலை கெடும் என்று வாங்குகிறவர்களே ஆட்சேபிப்பார்கள். விலை நிதானமாக நிற்பதற்கு இதுவே முக்கிய ஹேது என்பது என் அபிப்பிராயம். ஏ.கே.ஜி.யின் கே. 240 இப்போது சீனத்தில் தயாராகி, 55 ஓம் தடையோடு இன்னும் மலிவாகக் கிடைக்கிறது. ஜப்பானின் ஆடியோ டெக்னிக்கா 2014-இல் புதுப்பித்து வெளியிட்ட வரிசையில் எம்.20எக்ஸ் என்ற கடைசிப் படி மாணவர்களுக்கென்றே அமைந்தது போல இருக்கிறது.

விலையைப் பற்றி ஊகத்துக்கு இடமில்லாமல் ஒரு சாக்ஷியமும் உண்டு. 2017-இல் யெரோன் பிரேபார்ட் என்ற ஆராய்ச்சியாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை எடுத்துக்கொண்டு, மந்தரத்திலிருந்து உச்சம் வரை ஒவ்வொன்றும் ஓசையை எப்படிப் பங்கிடுகிறது என்பதை அவற்றின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டுக்கும் சம்பந்தமே தென்படவில்லை. உறுதி, இலேசு, மெத்தென்ற திண்டு முதலிய சௌகரியங்களுக்கு விலை உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. உண்மை சொல்லும் குணம் மட்டும் விலையைப் பின்பற்றுவதில்லை.

நம் சங்கீத மாணவருக்கு இது எந்த விதத்தில் முக்கியம் என்பதை ஒரே உதாரணத்தால் காட்டலாம். கடைகளில் அதிகம் விற்கும் கருவிகள் கீழ் ஓசையைப் பெருக்கிக் காட்டுபவை. அப்படிப்பட்ட ஒன்றில் கச்சேரிப் பதிவைக் கேட்டால், மிருதங்கத்தின் தொப்பி கும்மென்று பரவி, தம்பூராவின் மந்தர ஷட்ஜத்தை மூடி, பாடகர் கீழ் ஸ்தாயியில் இழைக்கும் கமகத்தையும் விழுங்கிவிடும். கேட்பதற்கு மயக்கமாகத்தான் இருக்கும், பாடம் கிடைக்காது. மாணவர் தம் சாதகத்தையே பதிந்து கேட்கும்போது தீங்கு இன்னும் அதிகம். காந்தாரம் ஒரு நூலிழை தாழ்ந்து நின்றதா, நெடிலில் மூச்சு ஆடியதா என்பதை ஈவிரக்கமின்றிச் சொல்லும் கருவியே அவருக்கு ஆசான் ஸ்தானத்தில் இருக்கத் தக்கது. கடையில் சோதிக்கும்போது, கடைக்காரர் போட்டுக் காட்டும் பாட்டை ஒதுக்கிவிட்டு, தம்பூராவோடு தாமே பாடிய பதிவைப் போட்டுக் கேட்பது உத்தமம். தம் குரலின் குறை நிறைகள் அவருக்கே நன்றாகத் தெரியும். வீட்டில் தனியறை உள்ளவருக்குத் திறந்த வகையும், சத்தம் மிகுந்த வீட்டிலோ ரயிலிலோ கேட்பவருக்கும் மைக் முன் பாடுபவருக்கும் மூடிய வகையும் பொருந்தும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மூடியதே சிலாக்கியம்.

கம்பியில்லாத கருவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2016-இல் ஆப்பிள் கம்பெனி தன் போனிலிருந்து ஹெட்போன் துளையை நீக்கிய பிறகு மற்றவர்களும் அவ்வழியே சென்றார்கள். பாட்டுக் கேட்பதற்கு ப்ளூடூத் போதும். ஆனால் ஓசை அதில் வந்து சேர ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தாமதமாகலாம். கீபோர்டில் விரல் பட்டபின் ஸ்வரம் பின்தங்கி வந்தால் தாளம் எப்படி நிற்கும்? அப்பியாசத்துக்குக் கம்பியே வேண்டும். துளையில்லாத போனுக்குச் சில நூறு ரூபாயில் இணைப்பான் கிடைக்கிறது.

தினமும் பல மணி நேரம் சாதகம் செய்கிறவர் ஓசையின் அளவிலும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்றும், 90 டெசிபலுக்கு ஏறினால் அந்த 40 மணி 4 மணியாகச் சுருங்கிவிடும் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் வரையறுத்திருக்கிறது. வாங்கிய கருவியில் முதலில் தேய்வது காதுத் திண்டின் மேல்தோல். இரண்டு மூன்று வருஷத்தில் அது கறுப்புச் செதில்களாக உதிரும். 7506-க்கும் டி.டி. 770-க்கும் கே. 240-க்கும் மாற்றுத் திண்டுகள் தனியே விற்பனைக்கு இருக்கின்றன. பழையதைக் கழற்றிப் புதியதை மாட்ட வீட்டிலேயே கால் மணி நேரம் போதும்.