மேற்கு வர்ஜீனியாவில் கென்னடி: மதமும் வாக்கும்

அரசுப் பதவி எதற்கும் மதத் தகுதி கேட்கப்படலாகாது என்று அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஆறாம் பிரிவு கூறுகிறது. 1788-இல் வட கரோலினாவின் மாநாட்டில் அதை விவாதித்தபோது, கத்தோலிக்கரோ முஸ்லிமோ அதிபர் நாற்காலியில் அமர்ந்துவிடக்கூடுமே என்று சிலர் அஞ்சினர். அன்று அவர்களது அச்சப்பட்டியலில் நாமும் கத்தோலிக்கரும் அருகருகே இருந்தோம்.

சட்டம் நிலைத்தது, உள்ளங்கள் இளகவில்லை. 1928-இல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக நின்ற ஆல் ஸ்மித் என்னும் கத்தோலிக்கர், 48 மாநிலங்களுள் 40-இல் தோற்றார். மதுவிலக்கை அவர் எதிர்த்ததும் ஒரு காரணமே. ஆயினும் அக்கட்சியின் கோட்டையாயிருந்த தென்மாநிலங்கள் சிலவும் அவரைக் கைவிட்டதில் மதத்திற்குப் பெரும்பங்கு உண்டு. கத்தோலிக்கர் வெல்ல மாட்டார் என்பது அதன்பின் எழுதாத விதியாயிற்று.

அவ்விதியை 1960-இல் ஜான் கென்னடி எதிர்கொண்ட களமே மேற்கு வர்ஜீனியா. கட்சி வேட்பாளரைத் தெரிவு செய்யும் முதற்கட்டத் தேர்தல் அங்கு மே 10-இல் நடைபெறவிருந்தது. நிலக்கரிச் சுரங்கங்கள் ஆட்களைக் குறைத்ததால் வறுமையில் வாடிய அம்மாநிலத்தில் கத்தோலிக்கர் நூற்றுக்கு ஐவர் அளவே. 1959 இறுதியில் அவர் தரப்பு எடுத்த கருத்துக்கணிப்பு, ஹூபர்ட் ஹம்ஃப்ரியைவிட அவர் 70-க்கு 30 என முந்துவதாகக் காட்டியது. சில மாதங்களில் அது 40-க்கு 60 எனத் தலைகீழாயிற்று. இடையில் மாறியது ஒன்றே: அவர் கத்தோலிக்கர் என்பது மக்களுக்குத் தெரிந்துவிட்டது.

மதப்பேச்சைத் தவிர்த்துவிடலாம் என்று ஆலோசகர்கள் சிலர் கூறினர். கென்னடி அதையே முன்னிறுத்திப் பேசினார். கடற்படையில் சேர்ந்தபோது தம் மதத்தை எவரும் கேட்கவில்லை என்றார். போரில் விமானமேறி உயிர்நீத்த தம் அண்ணனிடமும் கேட்கவில்லை என்றார். வேதநூலின்மீது ஆணையிட்ட அதிபர் அதை மீறினால், அது சட்டமீறல் மட்டுமன்று, இறைவனுக்கெதிரான பாவமுமாகும் என்றும் தொலைக்காட்சியில் விளக்கினார். நம்பிக்கையை மறைக்காமல், அதையே தம் நேர்மைக்குப் பிணையாக வைத்த இவ்வாதம் நம் கருத்தில் மிக வலுவானது.

அனைத்தும் தூய வழியில் நடந்தன என்று நாம் கூறமாட்டோம். கென்னடி குடும்பத்தின் செல்வம் தாராளமாகச் செலவழிக்கப்பட்டது. ஹம்ஃப்ரியோ ஒரு பேருந்தில் ஊர் ஊராகச் சுற்றினார். கென்னடிக்காகப் பரப்புரை செய்த முன்னாள் அதிபர் ரூஸ்வெல்ட்டின் மகன், ஹம்ஃப்ரி போர்க்காலச் சேவையைத் தவிர்த்தவர் என்று பழி சுமத்தினார். அது அவதூறு என்பதில் ஐயமில்லை.

கென்னடி ஏறத்தாழ 61 விழுக்காடு வாக்குகளுடன் வென்றார். ஹம்ஃப்ரி அன்றிரவே போட்டியிலிருந்து விலகினார். நவம்பரிலும் அம்மாநிலம் கென்னடிக்கே வாக்களித்தது. பதவியேற்ற மறுநாள், 1961 ஜனவரி 21-இல், அவர் ஒப்பமிட்ட முதல் நிர்வாக ஆணை ஏழைக் குடும்பங்களுக்கான உணவு வழங்கலை விரிவாக்கியது. அவ்வாண்டு மே மாதம் சோதனை முறையில் உணவு வில்லைத் திட்டம் தொடங்கியபோது, முதல் வில்லைகளைப் பெற்றது அம்மாநிலத்து மெக்டவல் மாவட்டத்தின் வேலையிழந்த ஒரு சுரங்கத் தொழிலாளியின் குடும்பம்.