எல்டிடி 9779 பி (குவான்கோவா)

எல்டிடி 9779 பி, சூரியனைப் போன்ற ஒரு விண்மீனை வெறும் 19 மணி நேரத்தில் சுற்றிவரும் புறக்கோள். ஆரத்தில் பூமியைப் போல் சுமார் 4.7 மடங்கு, நிறையில் 29 மடங்கு. அதாவது நெப்டியூனைவிடச் சற்றே பெரியது. தெற்கு வானின் சிற்பி விண்மீன் குழுவில், ஏறக்குறைய 260 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. கொலம்பியாவின் உவா பழங்குடியினர் மொழியிலிருந்து இதற்குச் சூட்டப்பட்ட பெயர் குவான்கோவா. பொருள்: விடிவெள்ளி.

விண்மீனின் ஒளி 19 மணிக்கொரு முறை லேசாக மங்குவதை நாசாவின் டெஸ் விண்கலம் 2018இல் பதிவு செய்தது. கோளின் இழுப்பால் விண்மீன் தள்ளாடும் அளவைச் சிலியின் லா சில்லா ஆய்வகத்திலுள்ள ஹார்ப்ஸ் கருவி அளந்து தர, நிறை தெரிந்தது. இதைக் கண்டறிந்த வானியலாளர் ஜேம்ஸ் ஜென்கின்ஸ் குழுவினரின் ஆய்வறிக்கை 2020இல் வெளிவந்தது.

வியப்பு அதன் இருப்பிடத்தில்தான். விண்மீனிலிருந்து சுமார் 25 லட்சம் கிலோமீட்டர். சூரியனுக்கும் புதனுக்கும் உள்ள தூரத்தில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவு நெருக்கத்தில் வியாழன் போன்ற பெருங்கோள்கள் உண்டு, சிறு பாறைக் கோள்களும் உண்டு. நெப்டியூன் அளவுள்ளவை அநேகமாக இல்லை. அந்த வெற்றிடத்தை வானியலாளர்கள் 'நெப்டியூன் பாலைவனம்' என்கிறார்கள். நடுத்தரக் கோளின் ஈர்ப்பு, விண்மீனின் கதிர்வீச்சுக்கு எதிராக வளியைப் பிடித்துவைக்கப் போதாது. கடைசியில் பாறைக்கரு மட்டும் மிஞ்சும். இதுவோ தன் நிறையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை இன்னும் வளியாகவே வைத்திருக்கிறது.

எப்படி என்பதற்கு ஒரு தடயம் 2023இல் கிடைத்தது. கோள் விண்மீனுக்குப் பின்னால் மறையும்போது மொத்த ஒளி எவ்வளவு குறைகிறது என்று ஐரோப்பாவின் கீயாப்ஸ் விண்கலம் அளந்தது: 10 லட்சத்தில் சுமார் 115 பங்கு. கேட்க அற்பம்தான். ஆனால் அதன்படி, விழும் ஒளியில் 80 விழுக்காட்டை இக்கோள் திருப்பி அனுப்புகிறது. பூமி அனுப்புவது 30. மேகம் மூடிய வெள்ளி 75. விடிவெள்ளி என்ற பெயர் இதற்கு முன்பே தேர்வானது என்பது சுவையான தற்செயல்.

இவ்வளவு ஒளியைத் திருப்புவது மேகங்களாகத்தான் இருக்கும். ஆனால் 2,000 பாகை வெப்பத்தில் மேகம் எப்படி? முற்றிய பாகில் சூடு ஆறுமுன்பே சர்க்கரை பூக்கிறதல்லவா, அதுபோல இதன் வளியில் சிலிக்கேட்டும் டைட்டானியமும் அளவுக்கு மீறிச் செறிந்து, மேகமாகத் திரண்டிருக்கலாம் என்பது விளக்கம். அந்த மேகங்கள் வெப்பத்தைத் திருப்புகின்றன. கன உலோகங்கள் நிறைந்த வளியும் எளிதில் தப்பாது. தாய் விண்மீனின் எக்ஸ் கதிர் வீச்சு எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு என்பதும் பின்னர் தெரியவந்தது.

கோளின் ஒரு முகமே எப்போதும் விண்மீனைப் பார்த்திருக்கிறது. அந்தப் பகல் முகமும் ஒரே சீராக இல்லை. காற்று வெப்பத்தைக் கிழக்கே தள்ளிச் செல்வதால் மேற்குப் பாதி சற்றுக் குளிர்ந்து மேகம் பூண்டு பளிச்சென்றும், கிழக்குப் பாதி மங்கலாகவும் இருப்பதை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி காட்டியிருக்கிறது.