இரைக்காக இறைத்த கைகள்

ஒரு பின்னேரம் விடுதி அறையில் நாங்கள் நாலு பேர் ஒரு காணொளி பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கேயோ ஒரு வெளிநாட்டுக்காரர் தன்னுடைய பிளாஸ்ரிக் கயாக்கில் ஒரு சின்னத் தொட்டி பொருத்துகிறார். கீழே கடல் தண்ணியை உறிஞ்ச ஒரு பம்ப், மேலே தொட்டிக்குள் விட ஒரு குழாய், நிரம்பி வழிகிற தண்ணி திரும்பக் கடலுக்குப் போக இன்னொரு குழாய், எல்லாவற்றையும் ஓட்ட 12 வோல்ற் பற்றரி. உள்ளே வருகிற குழாயைவிட வெளியே போகிற குழாய் பெரிதாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் தொட்டி வழிந்து கயாக் நிரம்பிவிடும் என்று விளங்கப்படுத்தினார். தொட்டி வட்டமாக இருந்தால் நல்லதாம். மூலை இருந்தால் சின்ன மீன்கள் அங்கே போய் நெரிபட்டுச் சாகும்.

"மீன் பிடிக்கப் போறவன் ஏன்டா மீன் வளர்க்கிறான்?" என்று ஒருவன் கேட்டான். கடற்கரை ஊரில் இருந்து வந்த நண்பன் சிரித்தான். "அது வளர்க்கிற மீன் இல்லை, இரை. செத்த இரையைவிட உயிரோட துள்ளுற இரைக்குத்தான் பெரிய மீன் ஓடி வரும்." மூன்றாவது ஆள் முடித்து வைத்தான்: "பற்றரியும் பம்பும் இருந்தால் எதையும் செய்யலாம். இதெல்லாம் இப்ப வந்த விஷயம்."

அந்தக் கடைசி வசனம்தான் எங்களைத் தேட வைத்தது. தேடிப் பார்த்தால் அது பிழை. பம்பும் பற்றரியும் வருவதற்குப் பல நூறு வருடங்களுக்கு முன்னரே, கொழும்பிலிருந்து 750 கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கிற மாலைதீவில் இரைமீனை உயிரோடு கடலுக்குக் கொண்டுபோனார்கள். அப்படிப் பிடித்த மீன்தான் மாசிக்கருவாடாக எங்கள் அம்மம்மாமாரின் சம்பலுக்குள் வந்தது. அவர்களுடைய படகின் பெயர்கூட எங்களுக்குப் புதிதில்லை. நாங்கள் தோணி என்பதை அவர்கள் 'தோனி' என்கிறார்கள். மீனுக்கு அவர்களுடைய சொல் 'மஸ்'. சூரை பிடிக்கிற படகு 'மஸ்தோனி'.

உயிர் இரையை வைத்திருப்பதில் உள்ள சிக்கல் எல்லாக் காலத்திலும் ஒன்றுதான். ஒரு வாளித் தண்ணிக்குள் நூறு சின்ன மீனைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் தண்ணியிலுள்ள ஒட்சிசன் முடிந்துவிடும். மீனின் கழிவு சேர்ந்து தண்ணி நஞ்சாகும். வெயிலில் தண்ணி சூடானால் இன்னும் மோசம், ஏனென்றால் சூடான தண்ணி குறைந்தளவு ஒட்சிசனைத்தான் பிடித்து வைத்திருக்கும். ஆகவே தண்ணி மாறிக்கொண்டே இருக்கவேண்டும். அதோடு பாரமும் ஒரு பிரச்சினை. 30 லீற்றர் தண்ணி என்றால் 30 கிலோவுக்கு மேல். பாதி நிரம்பிய தொட்டியில் தண்ணி ஒரு பக்கம் சாய்ந்தால் படகும் அந்தப் பக்கம் சாயும்.

மாலைதீவுக்காரர் இதற்குக் கண்ட வழி, கேட்கும்போது பைத்தியக்காரத்தனமாகத்தான் இருக்கிறது. படகின் அடியில் ஓட்டை போட்டார்கள்.

மஸ்தோனியின் நடுப்பகுதியைக் குறுக்குப் பலகைகளால் அறையாகப் பிரித்தார்கள். அந்த அறையின் அடியிலே துளைகள், துளைகளுக்கு அடைப்புக் கட்டைகள். கட்டையைப் பிடுங்கினால் கடல் உள்ளே வரும், அறை தொட்டியாகிவிடும். தனியாக ஒரு தொட்டி வாங்கிப் பூட்டத் தேவையில்லை, படகே தொட்டி. ஆனால் உள்ளே வந்துகொண்டிருக்கிற தண்ணி வெளியேயும் போகவேண்டுமே. அதற்குத்தான் ஆட்கள். படகு ஓடுகிற நேரம் முழுக்க, ஆட்கள் இருந்து தண்ணியைக் கையால் அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். எங்கள் மொழியில் இரை, இறை என்று ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். அந்தப் படகில் இரை உயிரோடிருக்க வேண்டுமென்றால் இறைத்தே ஆகவேண்டும். கை ஓய்ந்தால் இரை செத்துவிடும், தண்ணியும் அளவுக்கு மேல் ஏறிவிடும்.

ஒரு நாள் வேலை இப்படித்தான் நடந்தது. விடியப் பவளப்பாறைப் பக்கம் போய் வலையைக் கீழே இறக்கி, மீன் துணுக்குகளைத் தூவிச் சின்ன மீன்களைச் சேரவைத்து, வலையை மேலே தூக்கி இரை பிடிப்பார்கள். அதை மெதுவாக அந்த அறைக்குள் விடுவார்கள். பிறகு ஆழ்கடல். கடற்பறவைகள் கூட்டமாக விழுந்தெழும்புகிற இடத்தில் சூரை நிற்கும். உயிர் இரையை அள்ளி எறிவார்கள். ஒருவர் பின்பக்கத்தில் நின்று கடல்மேல் தண்ணியை வாரி இறைப்பார். தண்ணி தெறிக்கிறதும் இரை துள்ளுகிறதும் சேர்ந்து சூரைக்கு வெறி பிடிக்கும். அப்போது பின்தளத்தில் வரிசையாக நிற்பவர்கள் நீளத் தடியில் கட்டிய தூண்டிலைப் போட்டு இழுப்பார்கள். தூண்டிலில் முள் கிடையாது. மீனைத் தலைக்கு மேலால் வீசினால் அது தானே கழன்று தளத்தில் விழும். ஒரு தூண்டில், ஒரு தடவைக்கு ஒரு மீன்.

இது எவ்வளவு பழையது? 1343இல் இபின் பதூதா மாலைதீவுக்கு வந்தார், அங்கே காதியாராகவும் இருந்தார். அந்த மீனைத் துண்டாக வெட்டி, அவித்து, ஓலைக் கூடையில் வைத்துப் புகை போட்டு, இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யெமனுக்கும் அனுப்பினார்கள் என்று எழுதியிருக்கிறார். மாசியின் கதைதான் அது. அடுத்த வருடம் அதே மனிதர் இலங்கைக்கு வந்து புத்தளப் பக்கம் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார். ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்த கதை எங்களுக்குப் பாடத்தில் வரும். மாசியைப் பற்றி அவர் எழுதியது வராது. இரண்டும் ஒரே பயணக் குறிப்பில்தான் இருக்கின்றன.

1602இல் பைரார் என்ற பிரெஞ்சுக்காரர் கப்பல் உடைந்து மாலைதீவில் அகப்பட்டு, 1607வரை அங்கேயே இருந்தார். சின்ன மீன்களைத் தும்புக் கயிற்று வலைப் பைகளில் உயிரோடு வைத்திருந்து ஆழ்கடலில் எறிந்ததை அவர் எழுதியிருக்கிறார். அதாவது ஆகக் குறைந்தது 400 வருடங்களாக உயிர் இரை அங்கே நடைமுறையில் இருக்கிறது. மாலைதீவுக்கு வடக்கே, இப்போது இந்தியாவுக்குள் இருக்கிற மினிக்கோய்த் தீவிலும் இதே முறைதான். அங்கே பேசுவதும் மாலைதீவு மொழியின் ஒரு கிளைதான்.

ஐரோப்பாவிலும் துளை போட்ட படகு இருந்தது. இங்கிலாந்தின் ஹாவிச் துறைமுகத்தில் 1712 அளவில் இப்படியான படகுகள் கட்டத் தொடங்கினார்கள். ஆனால் அவர்கள் வைத்திருந்தது இரையை அல்ல, பிடித்த கொட் மீனை. ஐஸ் இல்லாத காலத்தில் நகரத்துச் சந்தைக்கு மீனை உயிரோடு கொண்டுபோகிற வழி அது. ஒரே யோசனை இரண்டு கடலில் இரண்டு தேவைக்குப் பயன்பட்டிருக்கிறது. இதை யார் முதலில் கண்டுபிடித்தது என்று சண்டை பிடிப்பதில் எங்களுக்கு ஆர்வமில்லை. கண்டுபிடிப்பு என்றால் ஒரு ஆளின் பெயரும் ஒரு வருடமும் இருக்கவேண்டும் என்று நாங்கள் பழகியிருக்கிறோம். துளைக்கு அப்படி ஒரு பெயர் கிடையாது. தண்ணி இறைத்தவர்களுக்கும் கிடையாது.

இந்தக் கதையில் இலங்கைக்கு ஒரு பெரிய பங்கு இருக்கிறது. மாசிக்கு மிகப்பெரிய சந்தை நாங்கள்தான். 1970களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தபோது இலங்கை இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியது. அந்தக் காலத்தில் பாணுக்கு வரிசையில் நின்ற கதையை எங்கள் வீடுகளில் இப்பவும் சொல்லுவார்கள். அதே முடிவு கடலுக்கு அப்பால் என்ன செய்தது என்று நாங்கள் கேட்டதில்லை. மாலைதீவின் மாசி வியாபாரம் விழுந்தது. அவர்கள் பச்சை மீனாகவே ஜப்பானியக் கம்பனிகளின் குளிரூட்டிய கப்பல்களுக்கு விற்கத் தொடங்கினார்கள். 1974 அளவில் தோனிகளுக்கு இயந்திரம் பூட்டுவது ஆரம்பித்தது. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் பாய்மரத் தோனி மீன்பிடியில் இருந்து கிட்டத்தட்ட மறைந்துபோனது. மீனை அவித்துப் புகை போட்டது பெரும்பாலும் பெண்கள். மீன் நேராகக் கப்பலுக்குப் போனதும் அந்த வேலையும் அதில் வந்த வருமானமும் அவர்களுடைய கையைவிட்டுப் போயின. கொழும்பில் போட்ட ஒரு கையெழுத்து, மாலைதீவில் ஒரு பெண்ணின் அடுப்பை அணைத்திருக்கிறது.

இயந்திரம் வந்த பிறகு பம்பும் வந்தது. இறைக்கிற கைகளுக்கு ஓய்வு கிடைத்தது. கடல்மேல் தண்ணி தெறிக்கவும் இப்போது பம்ப்தான். அந்த வேலையின் கஷ்டத்தைப் பழைய அழகு என்று நாங்கள் புகழப்போவதில்லை. நாள் முழுக்கக் குனிந்து தண்ணி அள்ளியவரிடம் கேட்டால் பம்ப் வந்தது நல்லது என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் கை இறைத்தபோது ஒரு எல்லை இருந்தது. எவ்வளவு இறைக்க முடியுமோ அவ்வளவு இரைதான் உயிரோடிருக்கும். பம்ப் அந்த எல்லையை எடுத்துவிட்டது. படகு பெரிதானது, தொட்டியும் பெரிதானது, இரையும் கூடுதலாகத் தேவைப்பட்டது. இப்போது இரவில் விளக்குப் போட்டும் இரை பிடிக்கிறார்கள்.

மாலைதீவின் தூண்டில் சூரை 2012இல் நீடித்த மீன்பிடி என்று எம்.எஸ்.சி. சான்றிதழ் பெற்றது. வலை போட்டு அள்ளுவதோடு ஒப்பிட்டால் அது நியாயமான பெருமைதான். ஐரோப்பியக் கடைகளில் ரின்மீனின் மேல் 'தடியும் தூண்டிலும்' என்று எழுதியிருக்கும். இரை பற்றி எழுதியிருக்காது. ஒவ்வொரு சூரைக்கும் பின்னால் பவளப்பாறையில் இருந்து அள்ளிய ஒரு பிடி சின்ன மீன் இருக்கிறது. நெத்தலி வகைகள் கை பட்டாலே சாகும். பாறை மீன் குஞ்சுகள் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். முன்பு இறைத்தவர்களின் பெயர் எழுதப்படவில்லை. இப்போது இரையின் கணக்கு கண்ணில் படுவதில்லை.

அதற்குப் பிறகு அந்தக் காணொளியைத் திரும்பவும் போட்டுப் பார்த்தோம். அவர் பம்பைப் பூட்டி ஆளியைப் போட்டதும் தொட்டிக்குள் தண்ணி ஏறி, மற்றக் குழாயால் கடலுக்கு இறங்கியது. "இப்ப வந்த விஷயம்" என்று சொன்னவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அந்தப் பம்ப் இருக்கிற இடத்திலதான் முந்தி ஆக்கள் இருந்திருக்கினம், என்ன?" என்று கேட்டான்.

ஓம், அங்கேதான் இருந்தார்கள். அடுத்த முறை வீட்டில் மாசி இடிக்கிற சத்தம் கேட்டால் அவர்களையும் ஒருக்கால் நினைத்துப் பாருங்கள்.