தூரமா, எடையா?

ஆன்லைனில் பொருள் விற்கும் புதுவை நண்பர்கள் விலையைச் சட்டென்று சொல்லிவிடுவார்கள். பார்சலை எடை போடும்போதுதான் லாபம் கரைவது தெரியும்.

1837 சட்டப்படி கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு ஒரு தோலா (சுமார் 11.66 கிராம்) எடையுள்ள கடிதத்துக்கு ஒரு ரூபாய்! தூரம் கூடினால் கட்டணமும் கூடும். ஆனால் தபாலில் பெரிய செலவு சுமப்பதில் இல்லை, வாங்கிப் பிரித்துக் கொடுப்பதில்தான் என்று இங்கிலாந்தில் ரோலண்ட் ஹில் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். (காஸ்ட் அக்கவுண்டிங் படிப்பவர்கள் அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.) 1854-ல், டல்ஹவுசி காலத்தில், இங்கும் கடிதங்களுக்குத் தூரக் கணக்கு போய் எடை மட்டும் நின்றது: கால் தோலாவுக்கு அரை அணா. இன்றைய ஏ4 தாள் ஒன்றே ஏறக்குறைய 5 கிராம், அரை அணாவுக்குப் போயிருக்காது!

வியாபாரிகளுக்கு அதைவிடப் பெரிய வரம் 1877-ல் வந்த வி.பி.பி. தபால்காரர் பார்சலைக் கொடுத்துப் பணம் வாங்குவார், அது விற்றவருக்கு வந்து சேரும். கேஷ் ஆன் டெலிவரிக்குத் தாத்தா! வாங்குபவர் மறுத்தால் பார்சல் திரும்பிவிடும், தபால் செலவு விற்றவர் தலையில்.

நம்ம ஊர்க் கணக்கு தனி. 1923 முதல் பிரெஞ்சிந்தியத் தபால்தலைகளில் அணா கிடையாது, பணமும் காசும்தான். 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய். 1954 நவம்பரில் ஆட்சி கைமாறும்வரை இதே கணக்கு.